பிரச்சினை ஏதுமில்லை

தொகாஷி வேலையை விட்டுப் போன மறுநாள்
காலணி அலமாரியில் அவள் பெயர்த்துண்டை
நகத்தால் சுரண்டினேன்.
அடியில் இன்னொரு பெயர், பாதி.
அதற்கும் அடியில்
யாருடையதோ பசை.

அவளுடைய பதினான்கு வீடுகளைப் பங்கு பிரித்தார்கள்.
ஒன்பது எனக்கு. ஐந்து மேலாளருக்கு.
ஐந்தில் இரண்டை மதியத்துக்குள் திருப்பித் தந்தார்:
"உங்கள் வழியில்தானே இருக்கிறது."
எல்லா வீடும்
எங்கோ போகும் வழியில்தான் இருக்கிறது.

யோகோத்தேயில் ராத்திரி முழுக்கப் பனி.
வண்டியின் பின்சீட்டில்
வேளைக்கொரு பொட்டலமாய்ப் பிரித்த மாத்திரைகள்,
சத்துப்பால் டப்பாக்கள்,
ஒரு மண்வெட்டி.
மருந்தியல் படித்த ஆறு வருடத்தில்
மண்வெட்டி பற்றி யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வீடு, ஓயமாதா.
நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
நான் காலணியைக் கழற்றுவதற்குள் கேட்டார்,
"நீ எத்தனை மாதம்?"

சுவரில் துணி நாட்காட்டி.
ஏழு நாள், நான்கு வேளை,
இருபத்தெட்டுப் பைகள்.
காலை காலி. மதியம் காலி.
மாலைப் பைகள் மட்டும் புடைத்திருந்தன.
ஞாயிறு இரவுப் பையில்
மாத்திரை இல்லை, பெயரட்டைகள்.
ஐந்து மருந்தாளுநர்கள்,
ரப்பர் பட்டை போட்டு.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
இங்கே மருந்து ஆயுள் முழுக்க,
கொண்டு வருகிறவர்கள்தான் விருந்தாளி.

"மாலை மாத்திரையை ஏன் விட்டீர்கள்?"
"விடவில்லை. காத்திருக்கிறேன்."
நீர் பிரியும் மாத்திரை.
ராத்திரி மூன்று முறை எழுந்தாராம்,
மூன்றாம் முறை கழிவறை வாசலில் விழுந்தாராம்.
டாக்டரிடம் சொல்லி மதியத்துக்கு மாற்றுகிறேன் என்று
தொகாஷி சொல்லியிருக்கிறாள்.
"அந்தப் பெண் சொன்னால் செய்வாள்."

கால் மேல் விரலை வைத்து அழுத்தினேன்.
குழி விழுந்தது.
எழ மனமில்லாமல் அப்படியே கிடந்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
அவளுடைய கடைசி வருகை,
பதிந்த நேரம் இரவு பதினொன்று நாற்பத்தாறு.
'பிரச்சினை ஏதுமில்லை.'

கோபப்பட நினைத்தேன். வரவில்லை.
அந்த நேரத்தில் விரல்கள் தாமாகத் தட்டும் வாக்கியம் அது.
நானும் தட்டியிருக்கிறேன்,
ஒரு கையில் ஆறிப்போன சோற்றுருண்டையோடு,
இரவுப் பணி கைபேசி மடியில் அதிர,
யாருடைய அப்பாவுக்கோ
வலிக்கான ஒட்டுப்பட்டை உரிந்துவிட்டது என்று.
தூக்கத்தில் நான் "மருந்தகம், சொல்லுங்கள்" என்கிறேனாம்.
கணவர் சொன்னார், சிரிக்காமல்.

டாக்டருக்கு அழைத்தேன்.
காத்திருக்கச் சொல்லி ஒரு பியானோ வாசித்தது.
ஓயமாதா ஜன்னல் வழியே
தெருவில் போன பனிவண்டியைப் பார்த்து
"ஓரத்தை விட்டுவிட்டான்" என்றார்.
பியானோ முதலிலிருந்து தொடங்கியது.
பிறகு ஒரு குரல்: "சரி, மதியத்துக்கே மாற்றுங்கள்."
நாலே விநாடி.
மூன்று வாரமாய் ஒரு காலில் நீர் ஏறியது
இந்த நாலு விநாடிக்கு.

மாலைப் பைகளைக் காலி செய்து
மதியத்துக்கு மாற்றினேன்.
பெயரட்டை கேட்டார்.
பையின் உள்ளறையில் கை விட்டபோது
அட்டையோடு சேர்ந்து வந்தது
நான்காய் மடித்த கடிதம்.
தட்டச்சு செய்தாயிற்று,
தேதி மட்டும் போடவில்லை.
பாதி வந்ததை உள்ளே தள்ளினேன்.

பார்த்துவிட்டார்.
வெள்ளைக்கு அடியில் சாலை எங்கே முடிகிறது என்று
முப்பது வருடம் பார்த்த கண்.
ஒன்றும் சொல்லவில்லை.
என் அட்டையை மற்றவர்களோடு சேர்க்கவுமில்லை.
அடுத்த வியாழன் காலைப் பையில்
மாத்திரைக்கு முன்னால் செருகினார்.

வண்டிக்குள் உட்கார்ந்து எழுதினேன்.
மணி பகல் இரண்டு பத்து.
விழுந்தது, வீக்கம், மாற்றிய வேளை,
தொகாஷி கொடுத்த வாக்கு.
எழுத எழுத நீண்டது.
'பிரச்சினை' என்ற கட்டத்தில் இடம் போதாமல்
ஓரத்திலும் எழுதினேன்.

இன்னும் நான்கு வீடு.
என் பக்கத்துத் துடைப்பான்
பனியைத் தள்ளாமல் தேய்க்கிறது.
பக்கத்துச் சீட்டில் யாருமில்லை,
அங்கே கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது.